மூன்று டம்ளர் உப்புத்தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

சலூனில் உப்பு தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிரித்த பாக்கெட். மதியம் ன்ஷிமாக் களிக்குக் கீரை வதக்க ஒரு சிட்டிகைதானே போடுகிறோம்? முதலாளி மூனோ அம்மா இன்னொன்று வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன்.

மார்ச் 4

உப்பைக் குடித்தது லுயாண்டோ அக்கா. என்னோடு பின்னல் போடுகிறவள், பத்தொன்பது வயது. சனிக்கிழமை அவளும் அவள் காதலன் முவிங்காவும் ஒன்றாக இருந்தபோது ஆணுறை கிழிந்துவிட்டதாம். "மூணு டம்ளர் உப்புத்தண்ணி குடி, இருபது தடவ குதி, எல்லாம் கீழ போயிடும்" என்று மூனோ அம்மா சொன்னாளாம். மூன்று நாளாகக் குடித்து வாந்தி எடுக்கிறாள்.

தம்பிக்கு ஊசி போடக் கிளினிக் போனபோது நர்ஸ் பெண்களிடம் சொன்னது எனக்குத் தெரியும்: கரு நிற்காமல் இருக்க அஞ்சு நாளுக்குள் போடும் மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் போட்டால் நல்லது.

"கிளினிக் போலாமாக்கா?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"ஏழாங்கிளாஸோட நின்னவ டாக்டர் ஆயிட்டியாடி?" என்றாள் மூனோ அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சீப்பைக் கழுவப் போனேன்.

மார்ச் 5

ஐந்தாவது நாள். மாத்திரைக்குக் கடைசி நாள். கிளினிக் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

லுயாண்டோ அக்காவுக்குக் கர்ப்பம் உறுதியாகிவிட்டது. முவிங்கா போனை எடுப்பதில்லை.

மூனோ அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஒழுங்கா குதிச்சிருக்க மாட்டா." குதிக்கலையாம்! வயித்துல போற தண்ணி எப்படிடி கருப்பைக்குப் போகும்? ஒருத்தியாவது கேட்டாளா? நான் கேட்டேனா? அந்த இரண்டாவது பாக்கெட் — நான் வாங்கி வந்தது.

மே 12

காலையில் சூல்வே என்று ஒருத்தி பின்னலுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தவள். பாதித் தலை முடிந்தபோது அழ ஆரம்பித்தாள். நேற்று இரவு, உறையில்லாமல். "மொத தடவதானே, ஒண்ணும் ஆகாதில்ல?"

"மொத தடவன்னா நிக்காது. பயமா இருந்தா ஒரு வைத்தியம் இருக்கு" என்றாள் மூனோ அம்மா. பிறகு என்னிடம், "ஏய், அந்த உப்ப எடு."

லுயாண்டோ அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"எடுக்க மாட்டேன்" என்றேன். சத்தமாகவே வந்தது. "மொத தடவையும் நிக்கும். உப்பு குடிச்சா வாந்திதான் வரும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பாதிப் பின்னலோடு எங்கள் ஊரில் எவளும் தெருவில் இறங்க மாட்டாள். என் தலைத்துணியை அவிழ்த்து அவளுக்குக் கட்டினேன்.

"எந்திரிங்கக்கா, கிளினிக் மூடுறதுக்குள்ள போயிடலாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தை நடுவே நடந்தேன்.