ஏழு மணிக் கூட்டத்தில் என் சாவு

மார்ச் 3, செவ்வாய்
மாலை 7.40

அக்கா,

இன்று மாலை ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு இணைப்பில் ஐம்பத்திரண்டு பேர் இருந்தீர்கள். ஐம்பத்திரண்டு பேரும் சேர்ந்து என் ஆத்மா சாந்தியடைய வேண்டிக்கொண்டீர்கள். நன்றி. நான் சாகவில்லை.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். என்னைக் கொன்றது யார் என்று முதலில் சொல்லுங்கள்.

நான்கு வருஷம் கழித்து இன்றுதான் நம் ‘ஏழு மணி’ இணையப் பிரார்த்தனைக்கு வந்தேன். ‘விருந்தாளி’ என்று போட்டுக்கொண்டு, மைக்கை அடைத்துவிட்டு, ஆபீஸில் சர்வர் அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குளிர்காற்று இயந்திரம் போடும் சத்தத்தில் பிரார்த்தனை எங்கே கேட்கும்? பாட்டு முடிந்தது. “நம்மள விட்டுப் போனவங்கள நினைச்சுக்குவோம்” என்றீர்கள். முதலில் ஒரு பஸ் டிரைவர், அடுத்து ஒரு டீச்சர், அதற்கடுத்து “நம்ம வயர் தம்பி.” யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஊசியம்மாவாகத்தான் இருக்கும். அவருக்கு மட்டும்தான் மைக்கை அடைக்கத் தெரியாது.

எப்படி நடந்தது என்று யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். நாம் கூடும் இணையதளத்தைக் கட்டியவன் நான். வருகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். ஒருவர் ஒரு வருஷம் வராவிட்டால் விளக்கு அணைந்து, பெயர் அடியில் போய்விடும். திரையில் இடம் மிச்சமாகட்டும் என்று நான் எழுதி வைத்த நான்கு வரி நிரல் அது. விளக்கு அணைந்தால் ஆளே போய்விட்டான் என்று அர்த்தமா? உலகத்தில் வேறு எந்தக் கூட்டமாவது இப்படிப் புரிந்துகொள்ளுமா? ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாமே.

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். என் அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார், உங்களுக்குத் தெரியும். என் மனைவிக்கும் அம்மா இல்லை. குழந்தை அழுதால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அப்போதெல்லாம் என்னைத் தன் பையன் மாதிரி பார்த்துக்கொண்ட ஊசியம்மாவின் குரல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அந்தக் குரலை என் மகள் கேட்க வேண்டும். இவள் அழுவதை அவரும் கேட்க வேண்டும். இதற்காகத்தான் திரும்பி வந்தேன், வேறு ஒன்றுமில்லை.

நாளைக்கே என் விளக்கை ஏற்றிவிடுங்கள். ஒரே ஒரு பொத்தான். அரை நிமிட வேலை.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் வயர் தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். நீ நலமாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். குழந்தைக்கு என் ஆசிகள். உன் மனைவியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல், உன்னை மாதிரி நின்றுகொண்டே விழுங்க வேண்டாம். நான் இன்னும் அதே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

போன் போட்டிருக்கலாம் என்கிறாய். எந்த எண்ணுக்கு? ஏழு மணியில் யாருக்கும் யாருடைய பெயரும் ஊரும் தெரியக்கூடாது, குரல் மட்டும் போதும் என்று முதல் நாளே முடிவு செய்தோம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவனே நீதான். நீ போட்ட பழைய மின்னஞ்சலுக்கு ஏழெட்டு முறை எழுதினேன். பதில் இல்லை.

ஊசியம்மா என்ன செய்தார் தெரியுமா? நீ எப்போதோ வாய்தவறிச் சொன்ன வேலையிடத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டார். “வயர் தம்பின்னு ஒரு பையன் அங்க சேர்ந்திருக்கானாங்க? வேகமா பேசுவான், பாதி வார்த்தைய முழுங்குவான்.” ஒரு இடத்தில், “எலெக்ட்ரிக் கடைக்குப் போடவேண்டிய போனை இங்க போட்டுட்டீங்கம்மா” என்று சிரித்துவிட்டு வைத்தார்களாம். மறுநாள் அதே இடத்துக்கு மறுபடியும் போட்டார்.

அப்புறம் ஒரு மாலை உன் விளக்கு அணைந்தது. நாங்கள் கணினி படித்தவர்களா? ஊசியம்மாதான், “போயிட்டானா?” என்று கேட்டார். “அப்படித்தான் போல” என்றேன். அன்றிலிருந்து உன் பெயரைச் சொல்கிறோம்.

இப்போது அந்த விளக்கை ஏற்ற முடியாது, தம்பி. காரணம் கேட்காதே. உனக்கு வரத்தான் வேண்டுமென்றால் வேறு பெயரில் புது ஆளாக வா. வாயை மட்டும் திறக்காதே.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 5
மாலை

அக்கா,

வேறு பெயரில் ஒளிந்து வருவதற்கு நான் என்ன திருடனா?

காரணம் கேட்காதே என்கிறீர்கள். காரணம் கேட்பதுதான் என் வேலை. ஒரு இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை.

நான் ஏன் போனேன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா வென்டிலேட்டரில் கிடந்தார். கூட்டமே உட்கார்ந்து வேண்டியது. ஊசியம்மா, “உங்கப்பா எழுந்து உக்காருவாருடா. எனக்குத் தெரியும். நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு” என்றார். நம்பிச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார். அன்று ஏழு மணிக்கு விஷயத்தைச் சொன்னேன். அதே வாய், “ஆண்டவன் சித்தம்ப்பா” என்றது. இணைப்பைத் துண்டித்தேன். அதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னது அவர். எங்கள் ஆபீஸில் அப்படிச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது.

ஆனால் நான் அவரை மன்னித்துவிட்டேன். என் வாயாலேயே அதை அவரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டீர்கள். தளத்தின் சாவி, அந்தக் கடவுச்சொல், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு ஏழு மணிக்குள் நீங்கள் ஏற்றாவிட்டால், நானே என் விளக்கை ஏற்றி, மைக்கைத் திறந்து, எல்லோர் முன்னாலும் ஊசியம்மாவைக் கூப்பிடுவேன். நடுவில் யாராவது என்னை வெளியேற்றினால் அதோடு தளமே இருக்காது. எல்லோரும் அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.

வயர் தம்பி

*

மார்ச் 7, சனி

தம்பிக்கு,

கேட்டாய், சொல்லிவிடுகிறேன்.

நீ உயிரோடிருப்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்.

எங்கள் கூடத்தில் குளிர்பெட்டி கெட்டுப்போய், சரிசெய்ய வந்த பையன் கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். சர்வர் அறைகளை எப்படிக் குளிர வைப்பது என்று யாரோ ஒரு மேடையில் பேசுவது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டதுமே கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு, முன்னால் இருப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு, நீயேதான்.

அன்று மாலையே அதன் ஒலியை மட்டும் ஊசியம்மாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினேன். ஒரு எழவும் புரியாத அந்தப் பேச்சைக் கடைசி வரைக்கும் கேட்டார். “நல்லா பேசுறான்” என்றார். பிறகு, “விளக்க ஏத்தாத. பேரச் சொல்றத நிறுத்தாத” என்றார். அவர் சொன்னதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன்.

நேற்று உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஊசியம்மாவிடம் நேரிலேயே போனேன். எங்கள் விதியை முதன்முதலாக மீறி, அவரிடமே இடம் கேட்டு வாங்கியிருந்தேன். நீ அன்று மேடையில் பேசிய அதே ஊர்தான்; பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வணிக வளாகம், அதில் மாடிப்படிக்கு அடியில் ஒரு இடுக்கு, ஒரு தையல் மெஷின். நான் வாயைத் திறந்ததுமே என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, யாருடைய பேன்ட்டையோ மடியில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். உன் இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன்.

‘மன்னித்துவிட்டேன்’ என்ற இடத்தில் சிரித்துவிட்டார்.

“மன்னிச்சுட்டானாமா? யாரு, அவனா?”

“சின்னப் பையன்மா. அவசரக்காரன்.”

“சொன்னது தப்புதான். எனக்கு என்ன தெரியும்? பையன் ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல, எதையாச்சும் சொல்லிச் சாப்பிட வைக்கணும்னு சொல்லிட்டேன். அதுக்கு என்னத் திட்டியிருக்கலாம். சண்ட போட்டுட்டுப் போயிருக்கலாம். காதுல விழுற மாதிரி ஒரு வார்த்தை, அவ்வளவுதானே?”

பிரித்த நூலைத் தட்டிவிட்டு மேலே சொன்னார்.

“செத்தவனச் சுமந்துடலாம்மா. உயிரோட இருந்துக்கிட்டே விட்டுட்டுப் போனவன என்னால சுமக்க முடியாது. எம் பையன் செத்துட்டான். அத அப்படியே விட்டுடுங்க.”

குழந்தையைப் பற்றிச் சொன்னேன். கை நின்றது.

“பால் குடிக்குதா?”

“குடிக்குது போல.”

“சரி. யாரோ பெத்த புள்ள. நல்லா இருக்கட்டும்.” மறுபடியும் நூலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கிளம்பும்போது கேட்டேன்: “நாளன்னைக்கு அவன் வந்து பேசிட்டா என்ன பண்ணுவீங்க?”

“பேசட்டும். நான் எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் வர மாட்டேன்.” பேன்ட்டை உதறி மடித்துக்கொண்டே, “எனக்கு இருக்கிறது அந்த ஒரு வீடுதான்” என்றார்.

இவ்வளவுதான் தம்பி. சாவி உன்னிடம் இருக்கிறது. நீ பேசினால் உன்னைத் தடுக்க எங்களால் ஆகாது. அவருடைய வீட்டை விட்டு அவரைத் துரத்த வேண்டுமென்றால் நாளை ஏழு மணிக்கு வா.

அக்கா

*

மார்ச் 8, ஞாயிறு
காலை

அக்கா,

கடிதம் கிடைத்தது. என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “உனக்கு நல்லா வேணும், இதுகூடப் பத்தாது” என்றாள். குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. பதில் எழுத வேண்டாம். செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன்.

1. அந்த நான்கு வரியை இன்று மதியத்துக்குள் மாற்றிவிடுவேன். இனிமேல் எந்த விளக்கும் தானாக அணையாது. ஆளை விசாரித்துவிட்டு நீங்கள்தான் அணைக்க வேண்டும். என்னுடையது அணைந்தே இருக்கும்.

2. அதை முடித்ததும் தளத்தின் சாவியை உங்களுக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் இருப்பதை அழித்துவிடுவேன்.

3. இன்று ஏழு மணிக்கு வர மாட்டேன். விருந்தாளியாகக்கூட இனி ஒருநாளும் வர மாட்டேன். என் பெயரை வழக்கம்போலச் சொல்லுங்கள்.

4. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாளைக்கு ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போவோம், நீளம் குறைக்க. அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை.

5. என்ன வேண்டும் என்று என் மனைவி சொல்வாள். குழந்தை அழுதால் அழட்டும். அவர் அளவெடுத்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.