யதுஷாவின் கை இறங்கிய இடம்

குண்டசாலை,
ஆகஸ்ட் 25, ஞாயிறு.

அன்புள்ள சுதர்சினிக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. குரல் செய்தி அனுப்பினால் குவைத்தில் நீ வேலை செய்கிற அந்த வீடு முழுக்கக் கேட்கிறது என்று சொன்னாய். போனில் எழுத்தெழுத்தாகத் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் கொப்பியில் எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். வேலை முடிந்தபிறகு ஆறுதலாக வாசி.

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்து ரோடெல்லாம் திறந்துவிட்டார்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வயலின் வகுப்பு விஷயம். பெரஹராவுக்கு முந்திய வகுப்பில் நிருஷா டீச்சர் பெற்றோர் எல்லோரையும் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துப் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரித்துக்கொண்டே குட்டு வைப்பதில் கெட்டிக்காரர். வயலின் கேட்காத வீட்டில் இருந்துகொண்டு பிள்ளை மட்டும் எப்படி வயலின் வாசிக்கும் என்று கேட்டார். பத்து இசைத்துண்டுகள் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தார். தினமும் கால் மணி நேரமாவது போனில் போட்டுக் குடும்பமாக உட்கார்ந்து கேட்டு, எது பிடித்தது, எங்கே சலித்தது என்று குறித்துக்கொண்டு வரவேண்டுமாம். எல்லா வீட்டுக் குறிப்பையும் சேர்த்து, புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு நல்ல பட்டியல் நவராத்திரி வாணி விழாவுக்குள் செய்யப்போகிறாராம்.

குடும்பம் என்றால் இங்கே நானும் யதுஷாவும்தான். சில நாளைக்குப் பக்கத்து வீட்டு மஸீனாவின் மகள் ஜஹானாவும் வந்து குந்திக்கொள்வாள். நான் தொழிற்சாலை ஸ்டோரில் சாமான் கணக்கு எழுதுகிறவன், உனக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் நேரத்தோடும் இலக்கத்தோடும் எழுதிவைக்கிற புத்தி. முதல் துண்டு மோகனம், மூன்று நிமிடம்தான், துள்ளிக்கொண்டு போகிறது. புதியவர்களுக்கு இதுதான் சரி என்று எழுதினேன். நான்காவது நாற்பது நிமிடத் தோடி. நான் கதிரையிலேயே தூங்கிவிட்டேன். இதை முதல் மாதம் யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். நீலாம்பரியைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட மஸீனா, மறுநாளும் போடச் சொல்லி ஜஹானாவிடம் சொல்லியனுப்பினாள். வெள்ளைக்காரர் வாசித்தது இரண்டு இருந்தன. அதற்கு ஜஹானா வீட்டைச் சுற்றி அணிவகுப்புப் போனாள்.

பிரச்சினை நம் பிள்ளைதான். கண்ணை மூடிக்கொண்டு, வயலின் மேலே போகும்போது கையை மேலே தூக்கவேண்டும், கீழே வரும்போது இறக்கவேண்டும். இது டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை. இவள் நன்றாகத்தான் தொடங்குகிறாள். கை தோள்வரை போகும். பிறகு பொத்தென்று மடியில் விழும். கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டது என்பாள். அங்கே வயலின் உச்சியில் நின்று அழுதுகொண்டிருக்கிறது, இவள் முடிந்துவிட்டது என்கிறாள். விளையாடப் போகிற அவசரம் என்று நினைத்தேன். எந்தத் துண்டில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது செக்கனில் ஏமாற்றினாள் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தேன். நான்காம் நாள் பொறுக்கமுடியாமல் முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அடித்தபிறகு எனக்கே சோறு இறங்கவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், நீ போன பதினான்கு மாதத்தில் பிள்ளை கெட்டுவிட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வகுப்பில் கவனமே இல்லை என்று பாடசாலையிலும் சொல்கிறார்கள். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை வேறு எப்படி இருக்கும்? வயலின் வேண்டும் என்று ஆசைப்பட்டது நீ. கதவைப் பூட்டிக்கொண்டு அவளோடு மல்லுக்கட்டுவது நான். ஒப்பந்தம் முடியுமுன் வரமுடியுமா என்று உன் மேடத்திடம் கேட்டுப் பார். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சந்திரகுமார்

•

குண்டசாலை,
செப்டெம்பர் 9, திங்கள்.

அன்புள்ள சுதர்சினிக்கு,

உன் பதில் கிடைத்தது. அழுதுகொண்டே மேடத்திடம் கேட்டதையும், வேறு ஆள் கிடைக்கும்வரை விடமுடியாது என்று அவர் சொன்னதையும் வாசித்தேன். இனி நீ யாரிடமும் கெஞ்சவேண்டாம். கொஞ்சம் பொறு. நான் போன கடிதத்தில் எழுதியது பிழையாக இருக்கலாம் என்று இப்போது பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை வகுப்பில் என் குறிப்புகளை டீச்சரிடம் கொடுத்தேன். தோடியைப் பற்றி நான் எழுதியதை வாசித்துச் சிரித்தார். அடுத்த பக்கத்தில், பிள்ளை ஏமாற்றிய நேரங்கள் என்று நான் வரிசையாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போனை வாங்கி, நான் குறித்த ஒவ்வொரு செக்கனையும் தேடித்தேடிக் கேட்டார். பிறகு தன் வயலினை எடுத்து அதே இடங்களை வாசித்துப் பார்த்தார். இராகம் வேறு, வாசித்தவர்கள் வேறு, ஆனால் யதுஷாவின் கை இறங்கியது எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில். மேல் ஸட்ஜத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்.

பிள்ளையைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார். தடித்த தந்தியில் வாசித்தபோதெல்லாம் கை உடனே எழும்பியது. மெல்லிய தந்தியில் மேலே போகப்போகத் தயங்கியது. அதற்கு மேலே வாசித்தபோது, மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் காது கூசுகிறது, நம் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். கால்விரலால் தரையில் வட்டம் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

டீச்சர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: “பிள்ளை ஏமாத்தேல்லை. பிள்ளைக்கு அந்த இடம் கேக்கேல்லை.”

பஸ்ஸில் வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அடித்த இடம் அந்த முதுகில் எங்கே என்று தேடிக்கொண்டு வந்தேன். வந்ததும் மஸீனாவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, யதுஷாவைத் தான் எப்போதும் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவதாகச் சொன்னாள். கூப்பிட்டு வராத பிள்ளை, தொட்டால் வரும், அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தாளாம். வெளிவீட்டுக்காரிக்குத் தெரிந்த பழக்கம் தகப்பனுக்குத் தெரியவில்லை.

காதில் அழுக்கு அடைத்தாலும் இப்படி வரலாம் என்று தொழிற்சாலையில் ஒருவர் சொன்னார். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இருபத்துநான்காம் திகதி ஆஸ்பத்திரியில் காது கிளினிக். பிள்ளையின் பழைய மருத்துவத் தாள்கள் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அலுமாரியில் நீ வைத்துவிட்டுப் போன நீலக் கோப்பை அப்படியே எடுத்துப் போகிறேன்.

அதுவரை மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நான் குழம்புவது போதும்.

சந்திரகுமார்

•

குண்டசாலை,
செப்டெம்பர் 27, வெள்ளி.

அன்புள்ள சுதர்சினிக்கு,

மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழும்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பிய ஆறு செய்திக்கும் பதில் போடாதது அதனால்தான். இதை வாசிக்கும்போது ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்.

அழுக்கு இல்லை. இரண்டு காதிலும் குறை. கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். தடித்த சத்தங்கள் கேட்கின்றன, மெல்லிய உயர்ந்த சத்தங்கள் கேட்பதில்லை. பேச்சிலும் பாதி எழுத்துகள் அவளுக்கு வந்து சேர்வதில்லையாம், நம் முகத்தையும் வாயையும் பார்த்து மிச்சத்தைத் தானாகவே நிரப்பிக்கொள்கிறாளாம். வகுப்பில் ஆசிரியர் பலகைப்பக்கம் திரும்பிப் பேசினால் ஒன்றும் புரியாது. கவனமில்லாத பிள்ளை என்று நாம் திட்டிய பிள்ளை, நாள் முழுக்கக் கவனித்துக் கவனித்தே களைத்துப்போயிருக்கிறாள்.

இனி நான் சொல்லவேண்டியது. டாக்டர் அம்மா நீலக் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு அரைத்தாளில் நின்றார். போன வருடம் ஜூன் மாதம் பாடசாலையில் பிள்ளைகளைப் பரிசோதித்த நாளில் கொடுத்தனுப்பிய தாள். அச்சடித்தது மூன்று மொழியிலும் இருக்கிறது. நடுவில் ஒரு வரி மட்டும் பேனையால், சிங்களத்தில். இரண்டு காதும் சந்தேகம், ஒரு மாதத்துக்குள் கிளினிக்கில் காட்டவும் என்று எழுதியிருக்கிறதாம். டாக்டர் வாசித்துச் சொன்னார். கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று கேட்டார்.

என்னுடையது, சுதர்சினி. நீ விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால் போட்டது.

எனக்குச் சிங்களத்தில் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. தொழிற்சாலையில் அதில்தான் வேலை வாங்குகிறேன், அதில்தான் சண்டையும் பிடிக்கிறேன். அச்செழுத்து என்றால் கூட்டிக் கூட்டி வாசிப்பேன். பேனையால் எழுதியது எனக்கு வெறும் சுழியும் வளைவும்தான். இது உனக்குத் தெரியும், வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கிழமை உன் பயணத்துக்காக எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பிள்ளை நீட்டிய தாளில் அச்சடித்த தமிழை மேலோட்டமாகப் பார்த்து, வயிற்றுப் பூச்சி மருந்துக்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். வாசிக்கத் தெரிந்த மஸீனா பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் தாள் கோப்புக்குள் போய்விட்டது.

அன்று யாரிடமாவது கேட்டிருந்தால் நீ போயிருக்கமாட்டாய். பிள்ளைக்கும் ஒரு வருடத்துக்கு மேல் வீணாகியிருக்காது. அதையெல்லாம் செய்தவன் நான், பழியைத் தூக்கி உன்மேல் போட்டவனும் நான். டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன. பிறகு இரண்டு காதுக்கும் கருவி வைப்பார்கள். எவ்வளவு கேட்கும் என்று இப்போதே சொல்லமுடியாதாம். வயலினை நிறுத்தவேண்டுமா என்று நான் கேட்டதற்கு, எதற்காக என்று அவர் திருப்பிக் கேட்டார். நிருஷா டீச்சரிடமும் இதைச் சொன்னேன். அவர் பட்டியலை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். தொடக்கத்தில் தடித்த தந்தியில் வாசிக்கிற துண்டுகளை வைத்திருக்கிறார். கேட்கும்போது பிள்ளை கையால் காட்டுவதை வீட்டார் குறித்துக்கொண்டு வரவேண்டும், பிழை என்று திருத்தவேண்டாம் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறார். எந்தத் துண்டு முதலில் வரவேண்டும் என்று யதுஷாவிடம் கேட்டாராம். இவள் காம்போதியில் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது கொஞ்சம் நீளம். இருக்கட்டும்.

அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பரவாயில்லை என்றாள். நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்டேன். என் குரல் தடித்த குரல், பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கேட்குமாம். அதன்பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவது கேட்குமா என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அம்மா சத்தம் வரும்ப்பா. என்னா பேசுறாங்கன்னு வெளங்காது. சத்தம் நின்னா சரிம்மான்னு சொல்லுவேன்.”

ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அம்மா போன வச்சிருவாங்களே” என்றாள்.

வா என்று சொல்லவும் இரு என்று சொல்லவும் எனக்கு இனி முகமில்லை. அதை நீயே முடிவு செய். நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்குள் வீடியோ போடக்கூடாது என்று உன் மேடம் தடுத்திருப்பது தெரியும். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துச் சொல், என்னைப் பற்றி எழுதியதையும் சேர்த்துச் சொல், பத்து நிமிடம் மட்டும் கேள். நாளை மறுநாள் வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழாதே. என்மேல் உள்ள கோபத்தை எழுத்தில் அனுப்பு, எவ்வளவு வேண்டுமானாலும் வாசிக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் முழுக்க அவளுக்குக் கொடு. பதினைந்து மாதமாக அவளிடம் என்னென்ன சொன்னாயோ, அதையெல்லாம் முதலிலிருந்து, மெதுவாக, இன்னொரு தடவை சொல்லம்மா.

சந்திரகுமார்