மடவை முட்டையும் ஒரு தலையாட்டலும்

அன்பு மதினிக்கு,

நீங்கள் கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் உங்கள் மேஜையில் இப்போது நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். மடவை மீனின் முட்டைப் புரதத்தை ஜெல்லில் கரண்ட் வைத்து ஓட்டி, பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கும் வேலை நிற்கவில்லை. பாதியில் கரண்ட் போனால் உங்களைப் போலவே திட்டவும் செய்கிறேன்.

மற்ற சேதி நல்லதில்லை. அண்ணனுக்கு மறுபடி பெண் பார்த்திருக்கிறார்கள். சாத்தான்குளத்துப் பெண், டீச்சர். அதில் எனக்கு வருத்தமில்லை. புதுத் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து தனியாகச் சாப்பிடுகிற மனுஷனை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்வீட்டார் வந்தார்கள். முதல் கல்யாணத்தில் ஏன் பிள்ளை இல்லை என்று பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். நியாயமான கேள்விதானே. குறையெல்லாம் வந்தவளிடம்தான் என்று அம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? என் பக்கம் திரும்பினாள்.

"இவ சயின்ஸ் படிச்சவ. இவளும் அவளும் ஒரே எடத்துலதான் வேலை பாத்தாங்க. ஏளா, நீயே சொல்லு."

நான் தலையை ஆட்டினேன், மதினி. ஆமாம் என்று ஆட்டினேன். கையில் காப்பித் தட்டு வேறு. அதையும் எல்லாருக்கும் நீட்டினேன். அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

எனக்குத் தெரியாதா? டாக்டர் உங்கள் இரண்டு பேரையும்தான் வரச் சொன்னார். நீங்கள் மட்டும் போனீர்கள். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். ஆம்பளைக்கு எதற்குச் சோதனை என்று அண்ணன் கடைசிவரை போகவில்லை. இதை நீங்கள் அம்மாவிடம் சொன்னதே இல்லை. புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையா, இல்லை, சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள் என்றா?

திரேஸ்புரம் மீன்கரையிலிருந்து மடவை வந்த அந்த நாள் ஞாபகம் வருகிறது. ஒரு தாய் மீனைப் பிதுக்கி முட்டை எடுத்தோம். கொஞ்சத்தை ஜெல்லுக்கு வைத்துக்கொண்டு, மீதியை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, இரண்டு ஆண் மீன்களின் விந்துப் பாலைத் தனித்தனியாக விட்டுக் கோழி இறகால் கலக்கினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு கிண்ணத்தில் குஞ்சுகள் துடித்தன. மற்றதில் அத்தனையும் வெளுத்து அடியில் கிடந்தன. முட்டை சரியில்லை என்று வழக்கம்போல எழுதப் போனேன். நீங்கள் ஜெல்லை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தீர்கள். புரதப் பட்டைகள் ஒன்றுகூடக் குறையாமல் கருநீலமாகத் தெரிந்தன.

"முட்டையில ஒண்ணும் குறையில்லை ஏளா. அந்த ஆண் மீனையும் பாத்தாத்தான் தெரியும்."

மீனைப் பற்றி மட்டும்தான் சொன்னீர்களா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணனுக்குக் குறை என்று நான் சொல்லவில்லை. மனுஷன் மடவை இல்லை, சோதிக்காமல் எதுவும் தெரியாது. ஆனால் சோதிக்காத ஒன்றுக்கு நான் சாட்சி சொல்லிவிட்டேனே. ஜெல்லில் இல்லாத பட்டையை இருப்பதாக நான் எழுதியிருந்தால் வேலையை விட்டே துரத்தியிருப்பீர்கள்.

நேற்று அண்ணனிடம் பேசினேன். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் நிச்சயம் வைத்துக்கொள் என்றேன். கத்துவான் என்று நினைத்தேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டான்.

"அவ இருக்கையில நீ ஒரு வார்த்தை பேசுனியா? இப்ப யாருக்காகப் பேசுதே?"

அம்மா உங்களை இடித்துப் பேசிய நாளெல்லாம் நான் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெட்கங்கெட்டவள் நான், மதினி. ஆனால் நாளைக்கு அந்த டீச்சரையும் அதே இடத்தில் உட்காரவைத்து அதே பேச்சைத்தான் பேசுவார்கள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் சாத்தான்குளம் போகிறேன். அவளைத் தனியாகப் பார்ப்பேன். டாக்டர் இரண்டு பேரைக் கூப்பிட்டார், என் மதினி மட்டும்தான் போனாள், அவளுக்குக் குறை எதுவும் இல்லை, நான் தலையாட்டியது பொய் என்று சொல்வேன். கல்யாணம் நிற்கலாம். அம்மா என்னை வீட்டில் சேர்க்காமல் போகலாம். சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

யார் கேட்டாலும் என்னை உங்கள் தங்கச்சி என்றுதான் சொல்வீர்கள். அப்படிக் கையெழுத்துப் போட இன்றைக்குக் கை வரவில்லை.

உங்கள் நாத்தனார்,
எஸ்தர்