மைக் காத்திருக்காது

ஜூலை 8

முழங்கால் வலி. பாடம் எடுப்பவர்களுக்கு முதலில் போவது தொண்டை என்பார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு முழங்கால்தான். நாள் முழுக்க அவர்கள் உயரத்துக்குக் குனிந்தால் வேறென்ன ஆகும்?

இன்று மிளகு ஒரு முழு வரியைத் தானாகப் படித்தாள். என் தங்கை மகள். ஆளும் அவ்வளவுதான், காரமும் அவ்வளவுதான் என்பதால் வீட்டில் வைத்த பெயர். 'குளத்தில் வாத்து நீந்தியது.' முதல் எழுத்தில் எப்போதும்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. கு... கு... என்று நின்றாள். பிறகு மூச்சு இழுத்து மொத்தமும் சொல்லிவிட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்காகக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். படித்து முடித்த குஷியில் "பெரியம்மா!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலை 15

ஆசிரியர் கூட்டம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வருடத்திலிருந்து கணினியில் வாசிப்புச் சோதனை. திரையில் ஒரு சொல் வரும், குழந்தை மைக்கில் படிக்க வேண்டும். மூன்று விநாடிக்குள் சொல்லாவிட்டால் அந்தச் சொல் மறைந்து அடுத்தது வந்துவிடும். முடிவு பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வாங்கியவர்களைப் பின்கட்டில் தனி வகுப்புக்கு மாற்றுவார்கள்.

"யார் பின்தங்கியிருக்காங்கன்னு முதல்லயே தெரிஞ்சிடும். நல்லதுதானே?" என்றார் தலைமையாசிரியை.

நல்லதுதான். மறுக்கவில்லை. "திக்குற பிள்ளைங்களுக்கு எப்படி மேடம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் மேல யோசிச்சிருப்பாங்க."

யோசித்திருப்பார்களா?

ஜூலை 22

யோசிக்கவில்லை.

கணினி அறை நாற்காலிகள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளின் கால்கள் அந்தரத்தில் ஆடின. ஹெட்போன் சரிந்து கழுத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ஒருத்தன் மைக்கைக் கடித்துப் பார்த்தான். இன்னொருத்தி திரையைப் பார்த்து, "நீ முதல்ல சொல்லு" என்றாள். சிரித்துத் தொலைத்தேன்.

மிளகின் முறை வந்ததும் சிரிப்பு போய்விட்டது. 'படகு' வந்தது. ப... ப... என்றாள். படகு போய்விட்டது. 'கதவு' வந்தது. அவள் 'படகு' என்றாள் — தெளிவாக, அழகாக! அந்த இயந்திரத்துக்கு அது தப்பு. அடுத்த சொல்லுக்கு 'கதவு' என்றாள். ஒரு சொல் பின்னால் ஓடியபடியே கடைசிவரை போனாள். எல்லாவற்றையும் படித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன். தொடக்கூடாது, பேசக்கூடாது என்பது உத்தரவு.

இறங்கி வந்து, "அது ஏன் ஓடுது?" என்று கேட்டாள்.

ஜூலை 30

சிவப்பு. ஒரு சொல்கூடத் தெரியாத குழந்தை என்று வந்திருக்கிறது.

ஜூலை 31

தங்கை என் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நீ இருக்கேன்னுதானே அக்கா உன் ஸ்கூல்ல போட்டேன்? வேற எங்கயாவது போட்டிருந்தா எவளோ ஒருத்தி செஞ்சான்னு மனசைத் தேத்திக்குவேன்."

"நான் என்னடி செய்ய? மிஷின் போட்ட மார்க்கு."

"பக்கத்துல நின்னது நீதானே?"

நின்றது நான்தான். அவள் போன பிறகு பாத்திரங்களை எல்லாம் இன்னொரு தடவை கழுவினேன்.

ஆகஸ்ட் 4

தலைமையாசிரியையிடம் போனேன். "நீங்களே கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க மேடம். ஒரு நிமிஷம் போதும்" என்றேன். கூப்பிட்டார். மிளகு படித்தாள். திக்கித் திக்கித்தான், ஆனால் ஒரு எழுத்துப் பிசகவில்லை. மேடத்துக்குக் கண் கலங்கியது. கெட்டவர் இல்லை அவர்.

"படிக்கிறாளே" என்றார்.

"அதைத்தான் சொல்றேன்."

"மார்க்கை மாத்த எனக்கு வழியே இல்ல டீச்சர். திறந்து பார்க்கலாம், தொட முடியாது. மாசக் கடைசியில மறுசோதனை வருது, அதுக்கப்புறம்தான் பின்கட்டுக்கு மாத்துவோம். அதுக்குத் தயார் பண்ணுங்க."

தயார் பண்ணுவதா? படிக்கத் தெரிந்த குழந்தையை எதற்குத் தயார் பண்ண?

ஆகஸ்ட் 9

பள்ளி விட்டதும் என் வீட்டிலேயே பயிற்சி. அட்டைகளில் சொற்களை எழுதிக் காட்டினேன். நாக்கு ஒட்டுவது ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அவசரப்படுத்தினால் இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 13

தற்செயலாக ஒன்று பிடிபட்டது. சொல்லை நின்று பார்த்தால்தான் அவளுக்குத் திக்குகிறது. முதல் எழுத்தைக் கண்டதும், மீதியைப் பார்க்காமல், வாயில் வந்ததைக் கத்தினால் ஒட்டுவதே இல்லை! குடையைக் குதிரை என்கிறாள், மரத்தை மயில் என்கிறாள். ஆனால் பாதிக்குப் பாதி சரியாகவும் விழுகிறது. சோதனைக்கு வருவது புத்தகத்துச் சொற்கள்தானே.

"தெரியலன்னாலும் பரவாயில்ல கண்ணு. நிக்காம ஏதாவது சொல்லு."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தாலும்."

சந்தேகத்தோடு என்னைப் பார்த்தாள். ஒரு டீச்சர் இப்படிச் சொல்வாளா என்பதுபோல. எனக்கும் அதே சந்தேகம்தான். இந்த ஒரு தடவை. பின்கட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும், மற்றதை அப்புறம் சரி செய்துகொள்ளலாம்.

ஆகஸ்ட் 20

விளையாட்டுபோல் ஆகிவிட்டது. நான் அட்டையைத் தூக்கும் முன்பே கத்துகிறாள்.

ஆகஸ்ட் 28

மறுசோதனை முடிவு வந்துவிட்டது. மஞ்சள்!

தங்கை கைபேசியில் அழுதாள். "கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதே" என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். எனக்கும் அழுகை வந்தது. என்ன அழுகை அது? சந்தோஷம்தானா?

செப்டம்பர் 6

தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மிளகுக்கு அவள் அப்பா புதுப் படப்புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "பெரியம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்மா" என்றார். படித்தாள். யானை இருந்த பக்கத்தில் 'யாரோ' என்றாள். 'வண்டி' என்று இருந்ததை 'வந்தாள்' என்றாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மூச்சு, சடசடவென்று புரட்டி முடித்துவிட்டாள். மாப்பிள்ளை சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திக்கவில்லை என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. கை தட்டினார்.

பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்டேன். "கதையில என்ன வந்துச்சு?"

"தெரியல."

"இந்த வரியை மட்டும் பார்த்துப் படியேன். அவசரமே இல்ல."

புத்தகத்தை மூடிவிட்டாள். "பார்த்தா திக்கும் பெரியம்மா. நீதானே பார்க்க வேணாம்னு சொன்னே?"

செப்டம்பர் 10

மூன்று நாளாக வகுப்பில் அவளைப் பழையபடி நிறுத்திப் படிக்கவைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. முடியவே இல்லை. கரும்பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கத்துகிறாள். போதாததற்கு மற்ற பிள்ளைகளும் அவளைப்போலவே கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 12

தலைமையாசிரியை கூப்பிட்டார். சிவப்பிலிருந்து ஏறியது எங்கள் பள்ளியில் மிளகு ஒருத்தியாம். மேலிருந்து பாராட்டு வந்திருக்கிறதாம். "அந்தப் பின்கட்டுப் பிள்ளைங்களையும் நீங்களே பாருங்க டீச்சர். உங்க முறையிலேயே."

அது முறை இல்லை மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது. அடுத்த சோதனையிலும் சிவப்பு வந்தால் இந்தப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புக்கே அனுப்பமாட்டார்களாம்.

செப்டம்பர் 16

பின்கட்டு அறையில் முதல் நாள். நல்ல வெளிச்சம் உள்ள அறைதான். முன்வரிசையில் ஒரு பெண், இரட்டைச் சடை. 'தவளை' அட்டையைக் காட்டினேன். விரலை எழுத்தின் மேல் வைத்து, த... வ... என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி.

"விரலை எடு கண்ணு" என்றேன். எடுத்துவிட்டாள்.