எல்ஃபுகளுக்கு முறை கிடையாது

மே 6, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. உப்பு வாரப் போன அப்பா சீக்கிரமே அளத்திலிருந்து திரும்பிவிட்டார். கரண்ட் இரண்டு தடவை போச்சு. லேப்டாப்பில் பாதி சார்ஜ்.

அந்த இங்கிலீஷ் மாயாஜாலத் தொடரின் நாலாம் பாகம் வந்துவிட்டது. தமிழ் சப்டைட்டில் போட வேண்டும். ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்கிற இந்த மாயப் பிறவிகள், எல்ஃபுகளோடு பெரிய பாடு. அம்மா, மகள், ஆயா எல்லாருக்கும் ஒரே இளவயசு முகம். யார் யாரை 'வா' என்பது, யாரை 'வாங்க' என்பது, ஒன்றும் புரியாது. பாகத்துக்குப் பாகம் ஆளே வேறு. முதலாவதில் முழங்கால் உயரம், பால் திருடுகிற குறும்பு. எனக்கு முன்னால் செய்தவர் 'குட்டிச்சாத்தான்' என்று போட்டுவிட்டார். இரண்டாவதில் ஆறடி, வில், அழகு. அதை எப்படிக் குட்டிச்சாத்தான் என்பது? 'எல்ஃப்' என்றே விட்டேன். மூன்றாவதில் போர் வெறி, மனுஷரைக் கண்டால் முகச்சுளிப்பு.

இப்போது புது வினை. நாயகன் வேரினும் நாயகி ஐலாவும் கசின். அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாருக்கும் இங்கிலீஷில் அந்த ஒரே சொல். இரண்டாம் பாகத்திலேயே 'அத்தை பையன்' என்று போட்டுவிட்டேன். அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வைக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இப்போது சொல்கிறார்கள், அப்பாக்கள் இருவரும் கூடப் பிறந்த அண்ணன் தம்பியாம். கடைசி எபிசோடில் கல்யாணம் வேறு.

மே 7, புதன்

சென்னை ஆபீஸ் மேடத்துக்கு போன். சிரிக்கிறார். "சித்தப்பா பையன்னு போட்டுடாதம்மா, ஜனங்க டிவிய ஒடச்சிடுவாங்க. அப்பாங்க ரெண்டு பேரையும் மச்சான்னு கூப்புட வெச்சிடு. முடிஞ்சிது."

'அண்ணா' என்று வரும் இடமெல்லாம் 'மச்சான்'. ஒரு டீ குடிக்கிற நேரம்தான். முறை மாறிவிட்டது.

எனக்கும் குமாருக்கும் இதை யார் செய்வார்கள். குமார், என் அப்பாவுடைய பெரியப்பா பேரன். ஒரே குலதெய்வம். பங்காளி. எனக்கு அண்ணன் முறை. திண்டிவனம் பஸ்ஸில் காலேஜுக்கு ஒன்றாகப் போன காலத்திலேயே இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஆசைப்பட்டோம்.

மதியம் கு. போன். "ஞாயித்துக்கெழம அப்பாகிட்ட சொல்லிடறேன். ஒத்துக்கலன்னா புதுச்சேரி போயி ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்." முதல் தடவையாகக் கிழமை சொல்கிறான்.

வாங்க: ரீசார்ஜ், தக்காளி, அம்மா முட்டிக்குத் தைலம்.

மே 11, ஞாயிறு

அனல் காற்று. கு. போன் ஸ்விட்ச் ஆஃப்.

விளக்கு வைக்கிற நேரம், அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கு.வின் அம்மா, அதாவது என் பெரியம்மா, அவளுக்கு போன் செய்திருக்கிறாள். அம்மா என்னைக் கேட்டாள்: "இன்னாடி நெனச்சினு இருக்குற? அவன் உனக்கு அண்ணன்டி! நாளைக்கி நல்லது கெட்டதுக்கு யாரு மூஞ்சில முழிக்கிறது?" அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஆனால் அவன் சொல்லிவிட்டான். சொன்ன மாதிரியே சொல்லிவிட்டான். அதில் கொஞ்ச நேரம் சந்தோஷம்கூட.

மே 13, செவ்வாய்

எபிசோட் 5. சண்டையில் வேரின் செத்தான் என்று பொய்ச் செய்தி. "இன்னும் ஆயிரம் வருஷம் எப்படித் தனியாக இருப்பாய்" என்று ஐலாவை அவள் அப்பா கேட்கிறார். அவளாவது அவனைப் பார்க்காமல் இருக்கலாம். எனக்கு அதுவும் இல்லை. எல்லாக் காதுகுத்திலும் கருமாதியிலும் கு. எதிரே நிற்பான். பங்காளி ஆச்சே. சாவு விழுந்தால் தீட்டுகூட இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

மெசேஜுக்கு ப்ளூ டிக். பதில் இல்லை. பசி இல்லை. அழுகையும் வரமாட்டேன் என்கிறது.

மே 16, வெள்ளி

தெருக்குழாயில் இரண்டு பேர். "குமாருக்கு அனுமந்தையில பொண்ணு பாத்துட்டாங்களாமே?" "ஆமாக்கா, நல்ல எடமாம். பையனுக்கும் புடிச்சிருக்குதாம்."

கேட்காத மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கட்டாயப்படுத்தியிருப்பார்கள். பிடித்திருக்கிறது என்பது ஊர் சேர்த்த சொல். அவன் வாயால் கேட்காமல் நம்ப மாட்டேன். நேரில் வரட்டும்.

மே 18, ஞாயிறு

வந்தான். பெரியப்பாவோடு. புதுச் சட்டை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். வெள்ளிக்கிழமை பெண்ணுக்குப் பூ வைக்கிறார்களாம். ஆவணியில் கல்யாணம்.

அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா டீ போடச் சொன்னாள். போட்டேன். அவன் டம்ளரைத்தான் பார்த்தான்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "இவனுக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்ல. தாலி கட்டச்சொல்ல நாத்தனார் முடிச்சு நீதாம்மா போடணும். வேற யாரு கீறாங்க எங்களுக்கு?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் பேசி வைத்திருக்கிறார்கள்.

கு. ஏதாவது சொல்வான் என்று நின்றேன். வேண்டாம்பா, அவள் வேண்டாம் என்றாவது. அது போதும் எனக்கு.

"ஆமா தங்கச்சி," என்றான். "நீயே போட்டுடு."

"சரிண்ணா," என்றேன்.