நாலு அறையும் தெரிஞ்சது

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அப்பாவோட முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டா முனகுது, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை. நீ அங்கே நல்லா இருக்கியா, அந்த இருமல் விட்டுச்சா, வேளாவேளைக்குச் சாப்பிடறியா. தினமும் போன்ல பேசிட்டு இப்போ எதுக்கு லெட்டர்னு நினைப்பே. போன்ல சொன்னா நீ நடுவுல புகுந்து கேள்வி கேட்பே, நான் பாதியை முழுங்கிடுவேன். இதை நான் முழுசா சொல்லணும், நீ முழுசா கேட்கணும். முதல்ல ஒரு பொய்யை ஒத்துக்கிறேன். மூணு மாசம் முன்னாடி, இதயத்தை ஸ்கேன் பண்ற எக்கோ படிப்போட பரீட்சை தள்ளிப் போயிடுச்சுன்னு உன்கிட்ட சொன்னேனே, அது தள்ளிப் போகலை. எழுத்துல பாஸ் பண்ணினேன், செய்முறையில ஃபெயில் ஆயிட்டேன்.

நான் இந்தப் படிப்புல சேர்ந்தது உனக்குப் பிடிக்கலைன்னு தெரியும். பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாச்சு, நாப்பத்தெட்டு வயசுல சின்னப் பிள்ளைங்களோட பெஞ்சுல உட்கார்ந்து யாருக்கு என்னத்தை நிரூபிக்கப் போறேன்னு கேட்டே. நிரூபிக்க ஒண்ணும் இல்லைடா. அத்தனை வருஷமும் காகிதத்துல கோடு கோடா வர்றதை மட்டும் பார்த்தவ நான். ஒருநாள் ஒரு நோயாளியை வண்டியில வச்சுப் பக்கத்து எக்கோ அறைக்குத் தள்ளிட்டுப் போனேன், அங்கே திரையில அவர் இதயத்தோட வால்வு திறந்து மூடறதைப் பார்த்தேன். அப்படியே நின்னுட்டேன். இத்தனை காலமும் கவரை மட்டும் பார்த்துட்டு உள்ளே இருக்கிற கடிதத்தைப் படிக்காமலே இருந்திருக்கேனேன்னு தோணுச்சு. அதான் சேர்ந்தேன், வேற காரணம் கிடையாது.

ஃபெயில் ஆன கதையைச் சொல்றேன். படம் எடுத்துக் காட்ட எனக்குக் கொடுத்தது ஒரு ஒல்லியான பொண்ணு. கருவியை நெஞ்சில வச்சுக் கொஞ்சம் அழுத்தினதும் அவ முகத்தைச் சுளிச்சா, நான் பயந்து கையை லேசாக்கினேன், படம் மறைஞ்சு போச்சு. திரும்ப வச்சா திரும்பப் போச்சு. இப்படியே நேரம் முடிஞ்சுடுச்சு. குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழுதேன். வாசல்ல நின்ன அப்பா என் முகத்தைப் பார்த்தார், பசிக்குது வான்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வந்தார். உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். நீ திட்டுவேன்னு இல்லை, அப்பவே சொன்னேன்ல அம்மான்னு அன்பா சொல்லுவே பாரு, அதைத் தாங்க முடியாது எனக்கு.

மறுநாள் சாயங்காலம் உங்க அப்பா தானாவே சட்டையைக் கழட்டிட்டு, இடது கையைத் தலைக்கு வச்சு, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துட்டார். ம், ஆரம்பின்னார். நான் டிவி ரிமோட்டைக் கருவியா வச்சுக்கிட்டேன், ஜெல்லுக்குப் பதிலா அவரோட ஷேவிங் கிரீம். பார்த்து, சத்தத்தைக் குறைச்சிடாதேன்னார் மனுஷன். மூணாவது நிமிஷம் குறட்டை. அந்தக் குறட்டைக்கு நெஞ்சு ஏறி இறங்கறப்போ கை நழுவாம பிடிக்கத்தான் நான் கத்துக்கிட்டேன்னு சொன்னா நீ நம்பமாட்டே. எங்க டீச்சருக்கு உன்னைவிட ரெண்டு வயசு கம்மி. அவ என்னை அம்மான்னு கூப்பிடுவா, நான் அவளை மேடம்னு கூப்பிடுவேன், கேட்கிறவங்களுக்குத் தலை சுத்தும். அவ தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தை எனக்குன்னு ஒதுக்கினா. சுண்டு விரலை நெஞ்சில ஊன்றிக்கோங்க, கண்ணு திரையைவிட்டு நகர்ந்தாலும் கை நகரக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே என் கையைப் பழக்கினா.

போன வாரம் மறுபரீட்சை. படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர், கதவை அடைக்கிற உடம்பு, ரொம்ப வருஷம் புகை பிடிச்சவர். அந்த மாதிரி ஆளுக்கு நுரையீரல் காத்து நடுவுல வந்து மறைக்கும், திரை பூரா மூட்டமா இருக்கும். எனக்கு முன்னாடி போன பையன் வியர்த்து வெளியே வந்து, அக்கா ஒண்ணுமே தெரியலைன்னான். நான் கருவியை வச்சேன், எனக்கும் தெரியலை. வெளியூர்ல இருந்து வந்த பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த டிரைவர்தான் படுத்துக்கிட்டே கேட்டார்: "என்னம்மா, எனக்கு இதயம் இருக்கா இல்லையா? இல்லைன்னுதான் என் வீட்டுக்காரி சொல்றா." எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுடா. சிரிச்சதுல தோள் இறங்குச்சு, தோள் இறங்கினதுல கை இளகுச்சு. அவரை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சாயச் சொன்னேன். கருவியை ஒரு விலா எலும்பு கீழே இறக்கி, சுண்டு விரலை ஊன்றினேன். மூச்சை முழுசா வெளியே விட்டு நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருங்கன்னேன். மூட்டம் விலகுச்சு. நாலு அறையும் தெரிஞ்சது, மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுச்சுவரோட, அப்படித் தெளிவா. அழுத்தின கையை நான் எடுக்கலை. எடுக்க வேண்டிய படத்தையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்து முடிச்சுட்டுத்தான் அவர்கிட்ட, "இருக்குங்க, நீங்களே பாருங்க"ன்னு திரையைத் திருப்பினேன். அவர் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். இது ஒரு நாள்கூட லீவு எடுக்கலை இல்லைம்மான்னு மெதுவா கேட்டார். பரீட்சகர் தாள்ல எழுதினார். நேத்து முடிவு வந்துடுச்சு, அம்மா பாஸ். வர்ற திங்கட்கிழமையில இருந்து எக்கோ அறையிலயே வேலை போட்டுட்டாங்க.

உங்க அப்பா எதிர்ல இருக்கிற பழக்கடைக்காரர்கிட்ட போய், எங்க வீட்டம்மா இனிமே மனுஷன் நெஞ்சுக்குள்ளேயே பார்ப்பாங்க, அதனால எடையில ஏமாத்த முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கார். அந்த ஆள் இன்னிக்கு ஒரு ஆரஞ்சு கூடவே போட்டார்.

பொய் சொன்னதுக்குக் கோபப்படாதே. உனக்கும் அங்கே ஏதாவது சறுக்கினா அம்மாகிட்ட மறைக்காதே, இனிமே நான் மறைக்க மாட்டேன், நீயும் மறைக்கக் கூடாது, இதுதான் நமக்குள்ள ஒப்பந்தம். குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளியே போ, இருமல் பத்து நாளுக்கு மேல போனா டாக்டரைப் பாரு. நீ தொட்டதெல்லாம் துலங்கணும், உடம்பும் மனசும் திடமா இருக்கணும், அப்பாவும் நானும் உன்னை மனசார வாழ்த்துறோம்.

இன்னொண்ணு, மறந்துடாதே. லீவுக்கு வர்றப்போ ஒரு காலை நேரத்தை எனக்காக ஒதுக்கி வை, எக்கோ அறையில வந்து படுக்கணும். ஜெல் சில்லுன்னு இருக்கும், கத்தக் கூடாது. பயப்பட ஒண்ணும் இல்லை, உனக்கு ஒரு குறையும் கிடையாது. ஒன்பது மாசம் உன் இதயம் எனக்குள்ளே துடிச்சும் நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்தது இல்லை. பார்க்கணும்டா.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா