கல்லில் இல்லாத ஒட்டகக்காரர்கள்

அன்புள்ள உல்பிகே, முழங்கால் வலி குறைந்ததா?

நான் காவல் காக்கும் இந்தப் பழைய கோட்டையில் நடந்திருப்பது அநியாயம். அந்தக் காலத்தில் கோட்டைக்கு மாவு சுமந்துவந்து பனியில் செத்த நம் ஒட்டகக்காரர்களில் ஒருவர் பெயரும் இங்குள்ள நினைவுக்கல்லில் இல்லை. செத்த ஒட்டகங்களின் எண்ணிக்கை இருக்கிறது! கல்லை நட்ட அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"காவல்காரருக்கு எதுக்கு இந்த வேலை? ஆதாரம் இருக்கா பெரியவரே?" என்று அதிகாரி சிரித்தான்.

நம் வழக்கப்படி என் ஏழு தலைமுறை முன்னோர் பெயர்களையும் ஒப்பித்தேன். ஐந்தாமவர் தோக்சன், இங்கேதான் பனியில் உறைந்து செத்த ஒட்டகக்காரர்.

"இப்ப உன் ஏழு பேரச் சொல்லு பாப்போம்" என்றேன்.

மூன்றாவதில் நின்றுவிட்டான். ஏழும் தெரியாதது நம்மில் வெட்கமாயிற்றே; முகம் சிவந்தது.

"செத்தவங்க பேரெல்லாம் எழுதிக் கொடுங்க. வெட்டச் சொல்றேன்" என்றான்.

நம் மகன் மக்சுத் வீடுவீடாகப் போய் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும். நீ கம்பளிக் காலுறையும், உன் கையால் உருட்டிய உலர்தயிரும் அனுப்ப வேண்டும். தோக்சன் பெயரைக் கல்தச்சன் கல்லில் வெட்ட வேண்டும். அதுவரை நான் இங்கிருந்து நகரமாட்டேன். நீ கோபிக்காமல் இருக்க வேண்டும்.

ஜுமாதில்